கார்னர் அண்ணனின் பிடி

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அம்மா அப்பா குலதெய்வத்தை நினைத்து வைத்த பெயர். ஆனால் ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கே போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். கார்னர் என்று சொன்னால் வீட்டு வாசல் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். கபடியில் இடது ஓரத்தில் நிற்கிற ஆட்டக்காரர் என்பதால் வந்த பெயர். கல்யாணப் பத்திரிகையிலேயே 'கார்னர்' என்று எழுதித்தான் அவருக்குக் கொடுப்பார்கள். அவருடைய அக்கா பால் ஊற்றப் போனால், "கார்னர் அக்கா வந்தாச்சு, கேனைத் திற" என்று சொசைட்டியில் குரல் கொடுப்பார்கள். அந்த அம்மாளுக்கு அதில் கொஞ்சம் கோபம், கொஞ்சம் பெருமை.

நான் மைக் செட் வைத்திருப்பவன். காதுகுத்து முதல் கருமாதி வரை எல்லாவற்றுக்கும் பாக்ஸ் கட்டுவேன். கபடிப் போட்டி என்றால் பாக்ஸ் கட்டுவதோடு வர்ணனையும் நானே செய்வேன். யாரும் கேட்டுக்கொள்வதில்லை, நானாகவே ஆரம்பித்துவிடுவேன். என்னிடமிருந்து மைக்கை வாங்குவது மாடு வாயிலிருந்து வைக்கோலைப் பிடுங்குகிற வேலை என்று எங்கள் கபடி கிளப் செயலாளர் சொல்வார். அவர் உரக்கடை வைத்திருக்கிறார். ஊரில் எது நடந்தாலும் தலைமை தாங்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கார்னரின் ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிவியில் காட்டுகிற பெரிய லீக்கில் இரண்டு சீசன் ஆடியவர். லீக் இல்லாத மாதங்களில் ஊருக்கு வந்து எங்கள் அணிக்கு ஆடுவார். எதிரணியிலிருந்து 'கபடி கபடி' என்று பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். பிடித்த பிறகு அந்தக் கால் அவனுடையதா அவருடையதா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடும். நான் சொல்ல வந்தது அந்தப் பிடியைப் பற்றி அல்ல. களத்துக்கு வெளியே அவருக்கு இருந்த இன்னொரு பிடியைப் பற்றி.

அவருக்கு யாரிடம் பேசினாலும் அவர்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் பேச வரும். "சாப்டீங்களாண்ணே" என்று ஆரம்பிக்கும்போது கை வந்து உட்காரும். பேச்சு ஆறு குளம் எல்லாம் சுற்றி முடிகிறவரை விடாது. பெண்களிடம் மட்டும் எட்ட நின்று, தன்னுடைய ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு பேசுவார். ஆண்களில் எங்கள் ஊரில் அவர் பிடிக்காத கை கிடையாது. ஒருமுறை ஹெல்மெட் இல்லாமல் போனதற்காகப் போலீஸ்காரர் ஒருவர் மடக்கினார். கார்னர் வண்டியை நிறுத்தி, "சார், நீங்க எந்த ஊரு" என்று அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்தார். அபராதம் எழுத வேண்டிய கை அது. போலீஸ்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தன் மைத்துனனின் மாடு சினை பிடிக்காத கதையைச் சொன்னார். கார்னர் அவருக்குக் கால்நடைக் கல்லூரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்பது வரை விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் கையை விட்டார். அபராதம் இரண்டு பேருக்குமே மறந்துபோனது.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு நல்ல குடும்பம். நானும் கூடப் போயிருந்தேன். பெண் வந்து காபி கொடுத்தது. எங்கள் ஆள் பெண்ணைப் பார்க்கவே இல்லை. பெண்ணின் அப்பா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மாமா, பாப்பா என்ன படிக்குது?" என்றார். நர்சிங் இரண்டாம் வருஷம் என்றார்கள். "படிப்பை முடிக்க விடுங்க மாமா. என்னைக் கட்டிக் குடுத்து அத வீணாக்காதீங்க. நான் வருஷத்துல பாதி நாள் ஊர்லயே இருக்க மாட்டேன்" என்றார். அவர் சொன்னதை வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டை ஆகியிருக்கும். கையைப் பிடித்துச் சொன்னதால் அந்த மனுஷன் கண் கலங்கி, போகும்போது ஒரு தார் வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். அக்கா வேனில் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு அவருக்குப் பெண் பார்க்கவும் இல்லை.

இப்படி இருந்தவரைத்தான் ஒரு வீடியோ சேனல் பிடித்தது.

'பிரபல கபடி வீரரின் மறுபக்கம், அதிர்ச்சியில் ரசிகர்கள்' என்று தலைப்பு. உள்ளே ஒரே ஒரு படம். ஏதோ ரயில் நிலையத்தில் கார்னரும் அவருடைய லீக் அணியைச் சேர்ந்த ஒரு வடக்கத்தி ஆட்டக்காரரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். கார்னர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறியும் போட்டு, பேய்ப் படத்துக்கு வாசிக்கிற மியூசிக்கைப் பின்னால் விட்டிருந்தார்கள். 'இவருக்கு ஏன் இன்னும் திருமணம் ஆகவில்லை? இது நட்பா, இல்லை ஓரினக் காதலா?' என்று ஒருவன் தொண்டையைத் தாழ்த்திக் கேட்டான். சாயங்காலத்துக்குள் ஒரத்தநாடு தாலுகாவில் அந்த வீடியோ போகாத போன் இல்லை.

முதலில் ஊருக்குக் கோபம் வந்தது. "நம்ம கார்னரையா சொல்றான்? கையைப் புடிச்சா தப்பாடா?" என்று டீக்கடையில் சேனல்காரனைப் பிடித்து அடிக்க ஆள் சேர்ந்தது. அப்போது யாரோ ஒரு புண்ணியவான் மெதுவாகக் கேட்டான்: "அப்படின்னா நம்ம கையையும்தானே புடிச்சிருக்காரு?"

டீக்கடையில் இருந்த ஒவ்வொருவரும் தத்தம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி எங்கள் ஊர் ஆண்கள் பரணிலிருந்து கல்யாண ஆல்பங்களை இறக்கினார்கள். எந்தப் படத்தில் யார் கையைக் கார்னர் பிடித்திருக்கிறார் என்று தேடல். சொசைட்டித் தலைவரை வெள்ளி விழாவில் பிடித்திருக்கிறார். கிராம நிர்வாக அலுவலரைக் குடியரசு தினத்தில் பிடித்திருக்கிறார். எங்கள் அணியில் அவருக்கு அடுத்தபடியாக, கவர் என்கிற இடத்தில் நிற்கிற பாஸ்கருடைய கல்யாணத்தில் மாப்பிள்ளை கையையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், மணமகள் ஓரமாக நிற்கிறாள். பாஸ்கர் அந்த ஆல்பத்தை வைக்கோல் போருக்குள் ஒளித்தான். அவனுடைய மனைவி அதை எடுத்துவந்து பழையபடி டிவி ஸ்டாண்டில் வைத்து, "இந்தப் படத்துலதான் நீ சிரிச்சிருக்க. மத்ததுல எல்லாம் கடன்காரன் மாதிரி நிக்கிற" என்றாளாம்.

 கார்னர் கையைப் பிடிப்பதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பேசும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பயிர்ச் சேதம் பார்க்க வந்த அதிகாரியைப் போல நின்றார். கையைக் கட்டியதும் அவருக்குப் பேச்சும் வரவில்லை. "சாப்டீங்களாண்ணே" என்பார், அடுத்த வார்த்தை கிடைக்காமல் நடந்துவிடுவார்.

கபடியில்தான் பெரிய சிக்கல் வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கபடியில் பிடிக்கிற அணி கைகோத்து நிற்கும். கார்னர் கையைக் கவர் பிடித்திருக்க வேண்டும். செயின் என்பார்கள். செயின் இல்லாவிட்டால் பாடி வருகிறவன் கதவில்லாத வீட்டுக்குள் ஆடு புகுந்ததுபோல வந்து மேய்ந்துவிட்டுப் போவான். வீடியோ வந்த அடுத்த வாரம் கும்பகோணம் பக்கம் ஒரு போட்டி. பாஸ்கர் கார்னருடைய கையைப் பிடிக்க மாட்டேன் என்றான்.

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. மாமனார் ஊரு பக்கத்துல இருக்கு. பாக்க வருவாங்க" என்றான்.

செயலாளர் யோசித்தார். அவர் யோசித்தால் எங்களுக்குப் பயம். தன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். "நீ ஒரு முனையைப் புடி, அவரு ஒரு முனையைப் புடிக்கட்டும். கையில கை படாது. செயினும் இருக்கும்" என்றார்.

துண்டோடு இறங்கினார்கள். நடுவருக்கு முப்பது வருஷ அனுபவம் இருக்கும். விசில் வாயில் இருக்க, ஊத மறந்து நின்றார். பிறகு கிட்டே வந்து, "என்னங்க இது, களத்துக்குள்ள துண்டு?" என்றார். "வேர்வைக்குங்க" என்றான் பாஸ்கர். "ரெண்டு பேருக்கும் ஒரே துண்டா?" என்றார் நடுவர். துண்டைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று செயலாளர் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று வாதாடினார். நடுவர் துண்டைப் பிடுங்கி, எதிரணிக்கு ஒரு புள்ளியும் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர்கள் பாடி வந்தபோதெல்லாம் பாஸ்கருக்கும் கார்னருக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற இடைவெளி. எதிரணிச் சின்னப் பையன் ஒருவன் அந்த வழியாகப் போய், தொட்டு, திரும்பி, போகிறபோக்கில் எனக்கு டாட்டா காட்டினான். எவ்வளவு புள்ளியில் தோற்றோம் என்பதை நான் மைக்கில் சொல்லவில்லை. ஜெனரேட்டரைக் குறை சொல்லி ஒதுங்கிவிட்டேன்.

லீக்கிலிருந்து கார்னருக்குப் போன் வந்தது. அடுத்த சீசனுக்கு எடுக்க வேண்டுமானால் மறுத்து ஒரு வீடியோ போடுங்கள், ஸ்பான்சர்கள் கேட்கிறார்கள் என்றார்கள். செயலாளருக்கும் அதே எண்ணம்தான். பொங்கலுக்கு எங்கள் ஊரிலேயே, அறுப்பு முடிந்த வயலில், வருஷாந்திரப் போட்டி நடக்கும். அந்த முறை இறுதி ஆட்டம் எங்களுக்கும் வேதாரண்யத்துக்கும். ஆட்டத்துக்கு முன்னால் பந்தல் போட்டு, சேனல்காரர்களைக் கூப்பிட்டு, கார்னர் மைக்கில் மறுப்புச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அணியில் இருக்கலாம், சொல்லாவிட்டால் வேறு ஆள்.

"ரெண்டே வார்த்தைதான் தம்பி. 'பொய்ச் செய்தி'. சொல்லிட்டு உக்காந்துடுங்க. மிச்சத்தை நான் பேசிக்கிறேன்" என்று செயலாளர் சொல்லிக் கொடுத்தார். மிச்சம் பேசுவதற்காகவே அவர் புதுச் சட்டை தைத்திருந்தார்.

அன்று காலையில் நான் பந்தலில் வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். கார்னர் வந்து கையைப் பின்னால் கட்டியபடி நின்றார்.  பிறகு சொன்னார்:

"அண்ணே, அந்தப் படத்துல இருக்கறவனுக்குக் கடைவாய்ப் பல்லு வலி. ராத்திரி பூரா அழுதான். ஸ்டேஷன்ல உக்காந்து கையைப் புடிச்சிருந்தேன். அவனுக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ளைங்க. பாவம், அவன் பொண்டாட்டி போன் பண்ணிக் கேக்குது. அவனைப் பத்திச் சொன்னது சுத்தப் பொய்."

"அப்புறம் என்ன தம்பி? அதைச் சொல்லுங்க" என்றேன்.

"என்னைப் பத்திச் சொன்னது நெசம்."

நான் கையிலிருந்த வயரைப் பார்த்தேன். பிளஸ் எது மைனஸ் எது என்று அந்த நிமிஷம் தெரியவில்லை. "அக்காவுக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்க வந்தது.

"திருவிடைமருதூர்லேர்ந்து வர்றப்ப வேன்லயே தெரிஞ்சுகிச்சு. வீட்டுக்கு வந்து, 'இனிமே உன்னைய எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டேன், நீ சாப்புடு'ன்னுச்சு. அவ்வளவுதான்."

எனக்கு அவர் மேல் வருத்தம் வந்தது. ஊரில் எல்லோருடைய கஷ்டத்தையும் கையைப் பிடித்துக் கேட்டவர், இதை ஒருவரிடமும் சொல்லாமல் இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார். "பொய்னு சொல்லிட்டா என்ன தம்பி கெட்டுப்போச்சு? யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"நான் களத்துல இதுவரைக்கும், என்னைத் தொட்டுட்டா, நடுவர் பாக்கலன்னாலும் நானே கையைத் தூக்கிட்டு வெளிய போயிருக்கேன்ல? அது மாதிரிதாண்ணே. இல்லன்னு சொல்ல வாய் வராது" என்றார்.

பந்தல் நிறைந்தது. சேனல்காரர் கேமராவை நிறுத்தினார். செயலாளர் புதுச் சட்டையில் ஜொலித்தார். கார்னர் மைக்கைப் பிடித்து, பல்வலியைச் சொன்னார். கூட்டத்துக்கு நிம்மதி வந்தது. "அதான பாத்தோம்" என்று யாரோ சொன்னார்கள். அடுத்து அவர், "ஆனா எனக்குப் பொம்பளைங்க மேல மனசு போனதில்லை. ஆம்பளைங்க மேலதான். அதுல பொய் ஒண்ணும் இல்லை. அந்த வடநாட்டுப் பையனை மட்டும் விட்டுருங்க. இப்ப ஆட்டத்துக்கு நேரமாவுது" என்றார்.

செயலாளர் என்னைப் பார்த்துக் கழுத்தறுப்பதுபோல் சைகை காட்டினார், மைக்கை அணைக்கச் சொல்லி. சுவிட்சு மாட்டிக்கொண்டுவிட்டது என்று நானும் சைகை காட்டினேன். என் செட்டில் சுவிட்சு மாட்டிக்கொண்டதே கிடையாது.

பின்வரிசையில் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். ஓரிருவர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். மற்றவர்கள் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் பந்தல் தொங்கலைப் பார்த்தார்கள். அப்போது பாஸ்கர் எழுந்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? எட்டு வருஷமா உங்க கையைப் புடிச்சிட்டு நிக்கிறேன். அப்ப என்னைய..." என்று இழுத்தான்.

கார்னர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "உன்னையா?" என்றார். மைக் அவர் கையில்தான் இருந்தது. "ஏண்டா, எனக்கு அவ்வளவு மோசமாவா ரசனை இருக்கும்?"

முதலில் சிரித்தது பாஸ்கருடைய மனைவி. பிறகு பந்தலே சிரித்தது. பாஸ்கருக்குத்தான் அவமானமாகப் போய்விட்டது. "என்னண்ணே, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று கடைசி வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். களத்தில் இறங்கும்போது உள்ளங்கையை டிராயரில் துடைத்துவிட்டுக் கார்னரிடம் நீட்டினான். "புடிங்க. இன்னும் எவ்வளவு பேச்சுக் கேக்கணுமோ" என்றான்.

கார்னரை எடுத்துவிடலாமா என்று செயலாளர் யோசிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

வேதாரண்யம் பையன்கள் உப்பளத்தில் வேலை பார்ப்பவர்கள். கால் ஒவ்வொன்றும் உலக்கை. அவர்களைப் பார்த்தால் எல்லா அணிக்கும் நடுக்கம். அன்றைக்கு அவர்களுக்கு நடுக்கம். பந்தலில் கார்னர் பேசியதை அவர்களும் கேட்டிருந்தார்கள். பாடி வந்த ஒருவன்கூட இடது பக்கம் வரவில்லை. கார்னர் தொட்டுவிட்டால், கட்டிப் பிடித்துவிட்டால், ஊரில் என்ன சொல்வார்கள் என்று பயம். எல்லோரும் வலது பக்கமாகவே ஒதுங்கி ஒதுங்கி வந்தார்கள். வருகிற வழி முன்கூட்டியே தெரிந்தால் பிடிக்க எவ்வளவு நேரம்? எங்கள் வலது கார்னர் சுமாரான ஆட்டக்காரன்தான். அன்றைக்கு அவன் வரிசையாகப் பிடித்துப் போட்டான். புள்ளி ஏறிக்கொண்டே போனது. செயலாளர் துள்ளிக் குதித்தார். "தம்பி அங்கயே நிக்கட்டும், அங்கயே நிக்கட்டும்" என்று கத்தினார். மறுப்புச் சொல்லாததே நல்லதாகப் போயிற்று என்று என் காதில் வேறு சொன்னார்.

நான் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தேன். அப்படியே இடது ஓரத்தைப் பார்த்தேன். கார்னர் குனிந்து, இரண்டு கால் விரல்களிலும் எழும்பி, பிடிக்கத் தயாராக நின்றபடியே இருந்தார். ஒருவனும் வரவில்லை. "வாடா, ஒரு காலாவது குடுங்கடா" என்று மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற பாஸ்கருக்குத்தான் கேட்டிருக்கும். அவன்தான் பிறகு என்னிடம் சொன்னான். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. அணி ஜெயித்துக்கொண்டிருந்தது, அவருக்கு மட்டும் முகம் செத்துக்கொண்டிருந்தது.  அடுத்த இரண்டு புள்ளிகளை நான் மைக்கில் சொல்ல மறந்துவிட்டேன்.

லீக்கிலிருந்து அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. மேற்கே ஏதோ ஒரு ஊரில் விளையாட்டு விடுதியில் பயிற்சியாளராகப் போய்விட்டார். அக்காவும் மாடுகளை விற்றுவிட்டு அங்கேயே போய்விட்டது. அவரை எனக்கு நினைவு வருவதெல்லாம் அன்றைய கடைசி ரெய்டில் பார்த்தபடிதான்.

ஆட்டம் முடிய ஒரே ஒரு ரெய்டு பாக்கி. வேதாரண்யம் அணித் தலைவர் தானே பாட வந்தார். கொஞ்சம் வயதானவர், முன்பற்களில் ஒன்று இல்லை. தோல்வி முடிவாகிவிட்டது, அவர் சும்மா கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். நடுக்கோட்டைத் தாண்டியதும் வலது பக்கம் நின்ற எங்கள் ஆட்களைப் பார்த்தார். பிறகு திரும்பி, பாடிக்கொண்டே, நேராக இடது ஓரத்துக்கு நடந்தார். அவருடைய ஆட்கள் வெளியிலிருந்து, "அண்ணே, அந்தப் பக்கம் வேணாம்" என்று கத்தினார்கள். அவர் போய்க் கார்னருக்கு எதிரே நின்று, ஒரு காலை முன்னால் வைத்தார்.

கார்னர் பாய்ந்தார். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். அந்த மனுஷன் ஒன்றும் காலைத் தானம் கொடுக்கவில்லை, மூச்சு இருக்கிறவரை உதைத்து, இழுத்து, புரண்டு பார்த்தார். பிடி நகரவில்லை. பாட்டு நின்றது, விசில் ஊதியது, கூட்டம் களத்துக்குள் புகுந்தது, செயலாளர் கோப்பையை நோக்கி ஓடினார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. கார்னர் முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டு அந்தக் கணுக்காலைப் பிடித்தபடி கிடந்தார்.

"விசில் ஊதி ரொம்ப நேரமாச்சுங்க தம்பி" என்றார் வேதாரண்யத்துக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு. கொஞ்சம் பொறுத்து, "சரி, இருங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று மல்லாந்து படுத்துக்கொண்டார்.